போர்ட்டிகோவில் கழற்றி வைத்த முன் ஷாஃப்டு

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன், வேண்டுமானால் என் மனைவி மும்தாஜைக் கேட்டுப் பாருங்கள். கேளம்பாக்கத்தில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கரண்ட்டு, கேஸ், பிரஷர், இந்த மூன்றைத் தவிரக் கண்ணுக்குத் தெரியாத எதையும் நான் நம்பியது கிடையாது, அந்த மூன்றையும்கூட மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் நம்புவேன். ஜின் உண்டு என்று எங்கள் மார்க்கத்தில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்கு எவ்வளவோ வேலை இருக்கும், படூரில் ஒரு ஏசி மெக்கானிக் வீட்டுக்கு வந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கிற ஆள் நான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது ராத்திரியில் நடந்ததில்லை. நல்ல வெயில், நாஸ்தா முடிந்த நேரம், சுற்றிலும் ஒரு குப்பமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக இருக்கிற அந்தக் குப்பத்தில், மீன் வைக்கிற ஐஸ் அறையில் கூலிங் நிற்கவில்லை என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். வேலையை முடித்துவிட்டுக் கை கழுவ இடம் தேடிப் போனபோதுதான் தாழம்புதர் ஓரமாக அந்த ஜீப்பைப் பார்த்தேன். பழைய டீசல் ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற வகை. மேலே கிழிந்த வலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள், டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, தரைத் தகடு அரித்துப்போய் கிளட்ச் மிதிக்கிற இடத்தில் கீழே மணல் தெரிந்தது. அலையிலிருந்து படகுகளைக் கரைக்கு இழுக்க ஒரு காலத்தில் ஊருக்கே அது ஒன்றுதான் இருந்ததாம். அப்புறம் டிராக்டர் வந்தது, ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்கள், நிறுத்தியது நிறுத்தியதுதான். அதன் சொந்தக்காரரும் டிரைவரும் ஏழுமலை என்கிற ஒரே ஆள், ஐம்பதைத் தாண்டியவர், இப்போது ஒரு ஃபைபர் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, வைத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு கடலுக்குப் போகிறார்.

“இத்த இன்னா பண்ணப்போறீங்க அண்ணாத்த?” என்று அவரிடம் கேட்டேன்.

“காயலாங்கடைக்காரன் வரேன்னு சொல்லிகீறான் பாய். வெட்டி எட்த்துகினு போய்டுவான்.”

நான் ஒரு பழைய கம்ப்ரஸரைக்கூட லேசில் தூக்கிப் போடாத ஆள். எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“குடுக்கிறேன். ஆனா ஓட்டத்துக்கு வந்துச்சுன்னா ஒரு தபா கரைக்குக் கொண்டாந்து காட்டணும் பாய்.”

சரி என்று தலையாட்டினேன். லாரியில் ஏற்றிப் படூருக்குக் கொண்டுவந்து வீட்டு போர்ட்டிகோவில் இறக்கியபோது மும்தாஜ் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய தம்பி ஜாபர், கேளம்பாக்கத்தில் கறிக்கோழிக் கடை வைத்திருப்பவன், சாயங்காலம் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, வூட்டுல மய்யித்த வச்சுகினு எப்டி சோறு துன்றீங்க?” என்றான். எங்கள் பக்கம் இறந்தவர் உடலைத்தான் மய்யித்து என்போம். மும்தாஜ் அதற்குச் சிரித்த சிரிப்பு எதிர் அபார்ட்மென்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து கடை மூடிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எனக்கு அதுதான் உலகம். முதலில் நல்ல தண்ணீரால் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன், உப்பு போகவே மாட்டேன் என்றது. தகரத்தை உரசிப் பளபளவென்று ஆக்கி பெயிண்ட் அடித்தால் மறுநாள் காலையில் உள்ளேயிருந்து உப்பு பூத்துப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மறுபடி சுரண்டுவேன், மறுபடி கழுவுவேன். அரித்துப்போன தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன், பிரேக் டிரம்மைச் செங்கல்பட்டு லேத்தில் கடைந்து வாங்கினேன், வயரிங் முழுக்க நானே இழுத்தேன், அதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் பம்பைப் பிரித்தால் உள்ளே எறும்புப் புற்று. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒருநாள் சாயங்காலம் சாவியைத் திருப்பினேன், இருமியது, வெள்ளையாகப் புகை கக்கியது, நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை, டகடகவென்று பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோவே அதிர்ந்தது. சொன்னால் வெட்கம்தான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று மும்தாஜிடம் சொல்லிச் சமாளித்தேன்.

எல்லாம் சரியானது, ஒன்றைத் தவிர. நாலு சக்கர ஜீப்பில் இன்ஜின் இழுவையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோக ஒரு நீள இரும்புக் குழாய் உண்டு, முன் ஷாஃப்டு என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் கழுத்து மாதிரி திரும்புகிற இணைப்பு இருக்கும், அதற்குப் பெயர் கிராஸ். என் ஜீப்பில் அந்த இரண்டு கிராஸும் துருப்பிடித்து இறுகிப்போய் இரும்போடு இரும்பாகக் கிடந்தன. டீசலில் ஊறப்போட்டேன், சூடு காட்டினேன், சுத்தியலால் தட்டினேன், மயிரிழை அசையவில்லை. புதுப்பேட்டையில் தேடிப் புதுசு வாங்கிவந்தால் அளவு சேரவில்லை. அதனால் ஷாஃப்டை மொத்தமாகக் கழற்றி, போர்ட்டிகோ சுவர் ஓரமாகப் பழைய நியூஸ் பேப்பர் விரித்து அதன்மேல் வைத்துவிட்டேன். ரோட்டில் ஓட அது தேவையில்லை, பின் சக்கரங்கள் போதும். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது எப்படிப் போனாலும் இதுதான் முக்கியம்.

மும்தாஜுக்குப் பொறுமை போய்விட்டது. தெருப் பிள்ளைகளுக்கு அவள் சாயங்காலம் அரபி ஓதக் கற்றுத்தருவாள், போர்ட்டிகோதான் வகுப்பு, ஜீப் வந்ததிலிருந்து பிள்ளைகள் சமையலறை வாசலில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓதின. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்த கையோடு, ஜாபரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஞாயித்துக்கெயம ஓட்டிகினு போங்க. ஓட்டிகினே திரும்பி வரணும். கயிறு கட்டி இழுத்துகினு வந்தீங்கன்னா அப்டியே காயலாங்கடைக்கு வுட்டுடணும். சம்மதமா?”

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்வது. தனக்குத் தெரிந்த காயலாங்கடைக்காரர் நம்பர் போனில் ரெடியாக இருக்கிறது என்று ஜாபர் எடுத்துக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். கேளம்பாக்கத்தில் என் கடை முன்னால் வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன். கோவளம் தாண்டிக் கடற்கரை ரோட்டில் ஏறியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது, வண்டி சும்மா சீறிக்கொண்டு போனது, கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். குப்பத்துக்குள் கம்பீரமாக நுழைய வேண்டும், ஏழுமலை டீ வாங்கிக் கொடுப்பார், நாலு பேர் ஜீப்பைத் தடவிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அங்கே யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கரையில் நின்றிருந்தார்கள். வாடைக்காலம், கடல் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழுமலையின் போட்டு கரைக்கு வரும்போது அலைக்குள்ளேயே இன்ஜின் நின்றுபோய், குறுக்கே திரும்பி, மூக்கு மட்டும் மணலைத் தொட்டபடி அடி வாங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகன்கள் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தெற்கே, கரை அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறைகள். ஒவ்வொரு அலையும் போட்டை அந்தப் பக்கமாகத்தான் தள்ளியது, அங்கே போய் மோதினால் அப்புறம் அது போட்டு இல்லை. டிராக்டரோ கிளட்ச் போய்த் திருப்போரூரில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுத்துப் பார்த்தார்கள், அலை அவர்களையும் சேர்த்து இழுத்தது.

ஏழுமலை திரும்பினார், ஜீப்பைப் பார்த்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

“வண்டிய எறக்கு பாய்.”

“முன் ஷாஃப்டு இல்ல அண்ணாத்த. வூட்டுல கயட்டி வச்சுட்டு வந்துட்டேன். பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.”

“கீறத வச்சு இழு.”

“அப்போ திருப்பி நிறுத்துறேன், பின்னாடி கயிறு கட்டுங்க.”

“கடலுக்கு முதுகக் காட்டி நாங்க இழுக்கறதில்ல பாய்,” என்றார், அந்த நேரத்திலும் நிதானமாகத்தான் சொன்னார். “கடலப் பாத்து நின்னு ரிவர்ஸ்ல இழுக்கணும். என் கையப் பாரு. அலை தூக்கும்போது இழு, அலை திரும்பும்போது நில்லு. பாக்காம இழுத்தா போட்டு என் புள்ளைங்க மேல ஏறிடும்.”

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். கடலைப் பார்த்து நின்று ரிவர்ஸில் மேட்டில் ஏறினால் வண்டியின் பாரம், போட்டின் பாரம் எல்லாம் முன் சக்கரங்கள் மேல்தான் விழும், என்னிடம் அந்த முன் சக்கரங்கள் சும்மா உருளுகிற உருளைகள். பின் சக்கரம் மணலைத் தோண்டும், வண்டி முன்னால் சறுக்கும், கடலுக்குள் போகும், அவ்வளவுதான். ஜாபர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், எறக்காதீங்க. மாட்டிக்கும். அப்பறம் அக்காகிட்ட இன்னா சொல்வீங்க?”

பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அத்தனை மாத உழைப்பு, ஒவ்வொரு போல்ட்டும் என் கை பட்டது. ஆனால் தண்ணீருக்குள் நின்ற சின்ன மகன் ஒரு அலை வந்து மூழ்கி எழுந்து, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி போட்டைப் பிடித்தான். அதைப் பார்த்த பிறகு என்ன பேச்சு. பிஸ்மில்லா சொல்லி இறக்கினேன். ஜாபர் குதித்து இறங்கிப் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான், ஜீப் மூழ்கினால் குடும்ப குரூப்பில் போடலாம் என்றுதான், பிறகு அவனே ஒத்துக்கொண்டான்.

பம்பரில் கயிறு கட்டினார்கள். ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கினார். அலை தூக்கியது, கை இறங்கியது, கிளட்சை விட்டேன். நான் சொன்னதுதான் நடந்தது. பின் சக்கரங்கள் ஊளையிட்டுக்கொண்டு குழி தோண்டின, அலை திரும்பும்போது போட்டு என்னை இழுத்தது, வண்டி கடலை நோக்கிச் சறுக்கியது. அடுத்த அலை பம்பர் மேல் ஏறி என் மடிக்கு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

“சின்ன கியரப் போடு பாய்,” என்று ஏழுமலை கத்தினார். ஃபோர் வீலுக்கு என்று பக்கத்தில் இருக்கிற சின்ன கியரைச் சொன்னார். பழக்கத்தில் சொல்லிவிட்டார் போல. அதைப் போட்டால் முன்பக்கம் இழுவை போகும், போய் எங்கே சேரும், கியர் பாக்ஸ் வாயில் ஒன்றும் மாட்டியில்லையே. இருந்தாலும் கைக்கு வேறு வேலை தெரியாமல் இழுத்தேன். என் காலுக்குக் கீழே டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது, ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி.

அலை தூக்கியது. அவர் கை இறங்கியது. கிளட்சை விட்டேன்.

நம்பினால் நம்புங்கள், ஸ்டீரிங் என் கையில் துடித்தது. முன் சக்கரம் இழுக்கும்போது ஸ்டீரிங் எப்படிக் கையை முறுக்கும் என்று ஃபோர் வீல் ஓட்டியவர்களுக்குத் தெரியும், சும்மா உருளுகிற சக்கரம் அப்படிச் செய்யாது. இரண்டு முன் மட்கார்டுக்கும் கீழேயிருந்து ஈர மணல் முன்பக்கமாகப் பீய்ச்சி அடித்தது, போட்டைப் பிடித்திருந்தவர்கள் முகத்திலெல்லாம் பட்டது. ஜீப் பின்னால் நகர்ந்தது. அலை திரும்பியது, நின்றேன், வண்டி ஒரு அங்குலம்கூடச் சறுக்காமல் மணலைக் கவ்வி நின்றது. மறுபடி கை இறங்கியது, மறுபடி இழுத்தேன். போட்டு நேராகத் திரும்பியது, பாறைப் பக்கம் போன மூக்கு என்னைப் பார்த்தது. அப்புறம் நானும் ஏழுமலையின் கையும் அலையும் மட்டும்தான், மற்றது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. கடைசி இழுப்பில் போட்டு உலர்ந்த மணலில் ஏறி உட்கார்ந்தபோது குப்பமே சத்தம் போட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். ஏழுமலை ஓடிவந்து, என்னை இல்லை, ஜீப் பானெட்டைக் கட்டிக்கொண்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை, நிக்காஹ் அன்றைக்குக்கூட இல்லை, இதை மும்தாஜிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜாபர் மட்டும் மணலில் குப்புறப் படுத்து ஜீப்புக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், கொஞ்சம் கீய வந்து பாருங்க.”

பார்த்தேன். கியர் பாக்ஸுக்கும் முன் அச்சுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் காயவைத்த வலை தெரிந்தது. ஷாஃப்டைக் கழற்றியபோது எப்படி விட்டேனோ அப்படியே இருந்தது, முன் டயர் பள்ளங்களில் மட்டும் ஈர மணல் அடைந்திருந்தது.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“இழுத்துச்சா இல்லியா?”

“இழுத்துச்சு.”

“அப்பறம் இன்னா பாய்,” என்று சொல்லிவிட்டு மகன்களைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜாபரின் வீடியோ இன்றும் இருக்கிறது, நாலு சக்கரமும் மணல் கக்குவது சுத்தமாகத் தெரியும். யாருக்குக் காட்டினாலும், ஆமாம், ஃபோர் வீல் ஜீப்பு, நாலு சக்கரமும் சுத்துது, இதுல இன்னா கீது என்கிறார்கள். அதிசயம் வீடியோவில் இல்லையே, வீட்டில் நியூஸ் பேப்பர் மேலே அல்லவா கிடந்தது.

ஒரு பெரிய வஞ்சிரத்தைப் பின் சீட்டில் போட்டு அனுப்பினார்கள். கயிறு கட்டாமல், யாரும் தள்ளாமல், கேளம்பாக்கத்திலிருந்து வீடு வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். மும்தாஜ் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். ஜெயித்தவனை வரவேற்கிற முகம் இல்லை அது.

“கய்வி வுட்ட போர்ட்டிகோல யாரு மண்ணக் கொட்டினது? வெள்ளையடிச்ச செவுர பாருங்க. நான் கிச்சன்ல இருந்தேன், கிரைண்டர் ஓடுற மாதிரி சத்தம் வந்துச்சு, பக்கத்து வூடுன்னு நெனச்சேன். வெளில வந்து பாத்தா இந்தக் கோலம்.”

ஷாஃப்டு வைத்த இடத்திலேயே இருந்தது. கீழே இருந்த பேப்பர் நனைந்து கிழிந்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் ஈரக் கடல் மணல், பொடிப்பொடியாகக் கிளிஞ்சல். சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும், நூல் பிடித்த மாதிரி நேராக ஒரே மணல் கோடு, சுழலுகிற ஒன்றிலிருந்து தெறித்தால் எப்படி அடிக்குமோ அப்படி. குனிந்து ஷாஃப்டைத் தூக்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது. சுத்தியலுக்கும் அசையாத கிராஸ் என் விரலுக்கு வெண்ணெய் மாதிரித் திரும்பியது.

ஜாபர் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அதற்கப்புறம் அவன் வாயில் மய்யித்து என்ற வார்த்தை வரவில்லை. மும்தாஜ் எல்லாவற்றையும் கேட்டாள், சுவரைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், “ஓட்டிகினுதானே வந்தீங்க? நிக்கட்டும்,” என்று சொல்லி மீனை உள்ளே எடுத்துப்போனாள். இப்போது பிள்ளைகளில் பாதிப் பேர் ஜீப்புக்குள் உட்கார்ந்துதான் ஓதுகிறார்கள், முன் சீட்டுக்குத் தினம் சண்டை.

ஷாஃப்டை மறுவாரமே மாட்டிவிட்டேன், புதுக் கிராஸ் தேவைப்படவில்லை. டிராக்டர் படுத்தால் குப்பத்திலிருந்து எனக்குப் போன் வரும், கடையைச் சாத்திவிட்டுப் போவேன், இதுவரை ஒரு போட்டைக்கூட இந்த ஜீப் விட்டதில்லை. சுவரில் அந்தக் கோடு மட்டும் போக மறுக்கிறது. எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உப்பு பூத்து வெளியே வருகிறது. அது கடல் மணல், உப்பு பூக்கும், அதில் அதிசயமில்லை, அதை என்னால் விளக்க முடியும். நான் கரையில் போட்டு இழுக்கிற நாளில் மட்டும் அது ஈரமாகிறது, அதை என்னால் விளக்க முடியாது. நான் போன் செய்வதற்கு முன்னால் மும்தாஜ் கூப்பிட்டுவிடுவாள், “செவுரு ஈரமா கீது, எத்தினி போட்டு?” என்று கேட்பாள். எங்களுக்குப் பழகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பை இரண்டு நாளாக எடுக்கவில்லை, அது என் கண் முன்னால்தான் நின்றது. சுவரில் கோடு ஈரமாகிக்கொண்டு வந்தது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது தண்ணீர் வழிந்து தரைக்கு வந்துவிட்டது. ஏழுமலைக்குப் போன் போட்டேன். புயல் எச்சரிக்கை, யாரும் கடலுக்கே போகவில்லை பாய் என்றார். ஜீப்புக்கு அடியில் கையை விட்டு முன் ஷாஃப்டைத் தொட்டேன், சுட்டது, கையை எடுத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து மும்தாஜ் கேட்டாள், “எத்தினி போட்டுங்க?”

நின்ற இடத்திலிருந்தே அது எந்தக் கரையில் யார் போட்டை இழுத்தது என்றே இன்றுவரை எனக்குத் தெரியாது, எத்தனை என்று எப்படிச் சொல்வது.